சுண்ணாம்புத் தெளிவும் சலைன் குழாயும்

“சுண்ணாம்புதானல, அதுக்கா இம்புட்டு ரூவா?” என்று ஆச்சி கேட்டது ரொம்ப நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. தப்பு என்று தள்ளவும் முடியவில்லை, சரி என்று ஒப்புக்கொண்டு போகவும் முடியவில்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் சித்தி வீட்டுக் கூடத்தில், சித்தி மகன் உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவள், கூரியரில் வந்த குப்பியை அவன் பிரிப்பதைப் பார்த்துவிட்டு அது என்ன என்று விசாரித்தாள். பவளத்துக்குச் சுண்ணாம்புச் சத்து என்று அவன் சொல்லப்போக, அடுத்த கேள்வி விலையைப் பற்றி வந்தது. விலையைக் கேட்டதும் தன் டப்பாவைத் திறந்து காட்டி, “இதுல கெடக்கே, ஒரு விரல் வழிச்சுப் போட வேண்டியதான” என்றாள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான், நானும் சிரித்து வைத்தேன். ஆனால் பாளையங்கோட்டை வந்து சேரும்வரை அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அந்தக் குப்பியில் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும், அதுதான் காரணம்.

கால்சியம் குளோரைடு கரைத்த தண்ணீர். அவ்வளவுதான். கொஞ்சம் ஸ்ட்ரான்சியம், கொஞ்சம் அது இது என்று சிலர் சேர்ப்பார்கள், விலைக்கு ஒரு நியாயம் வேண்டுமே. எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான், அந்தத் தண்ணீருக்குத்தான் நாம் கப்பல் கூலியும் கூரியர் கூலியும் அழுகிறோம். ரீஃப் தொட்டி, அதாவது இந்தப் பவளத் தொட்டி என்றாலே காசுள்ளவன் வேலை என்று ஒரு பேச்சு இருக்கிறது. விளக்கு, அழுக்கை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர், உப்பு, எங்கள் ஊர் வெயிலுக்குத் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் என்று பார்த்தால் அந்தப் பேச்சில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் இந்தப் பட்டியலில் கால்சியம் ஏன் வந்தது என்பதுதான் எனக்குப் புரியாதது. ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல். தாழையூத்துக்குப் பக்கத்தில் சங்கர் நகரில் 1949 முதல் அதை வெட்டிச் சிமெண்ட் ஆக்குகிறார்கள். கிழக்கே போனால் கடல், உப்பளம். உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் சுண்ணாம்பு தடவாமல் ஒரு கலயம் பனையில் ஏறாது. இதற்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மனியிலிருந்து கால்சியம் வரவழைக்கிறோம்.

என் தொட்டி மூன்றடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி, கணக்குக்கு 190 லிட்டர். பெரும்பாலும் மென்பவளங்கள்தான், தோல் பவளம், காளான் பவளம், சோவாந்திட் கூட்டம் ஒன்று, அப்புறம் வெளிநாட்டில் தொட்டியிலேயே வளர்த்து முறையான தாளோடு வந்த, சுண்ணாம்பில் எலும்பு கட்டும் கல்பவளத் துண்டுகள் ஓரிரண்டு. தாள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் கடலில் உள்ள கல்பவளங்கள் எல்லாம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கிற அதே அட்டவணை. கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த செத்த துண்டைத்தானே எடுத்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தூத்துக்குடியிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் பாசத்தில் பையில் போட்டுக் கொண்டு வருவார்கள், வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதே மன்னார் வளைகுடாவில் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அள்ளிய காலம் ஒன்று இருந்தது. 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் தண்ணீருக்குள் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அன்று பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள், நாம் கூடத்தில் உட்கார்ந்து சுண்ணாம்பைப் பவளமாக்கப் பார்க்கிறோம்.

ஆச்சி சொன்னதில் பாதி

பாதிக்கு மேலேயே சரி என்றுதான் சொல்ல வேண்டும். உலகம் முழுக்கப் பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்வது இதைத்தான், கடையில் கால்க்வாசர் என்று பெயர் போட்டு விற்பதும் சுண்ணாம்புத் தெளிவுதான். கால்சியம் ஹைட்ராக்சைடு பொடியை நல்ல தண்ணீரில் கலக்கி, மூடி வைத்து, தெளியவிட்டு, மேலே நிற்கிற தெளிவை மட்டும் தொட்டிக்குச் சொட்டுச் சொட்டாக விடுவது. தண்ணீர் எவ்வளவு முயன்றாலும் லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல்தான் கரைத்துக்கொள்ளும், அதற்கு மேல் போட்டது அடியில் வண்டலாக நிற்கும். லிட்டருக்கு அரை டீஸ்பூன் போதும் என்பது இதனால்தான். அந்த ஒரு லிட்டர் தெளிவில் சுமார் 800 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். நூறு லிட்டர் தொட்டிக்கு அது 8 பி.பி.எம், அதாவது லிட்டருக்கு 8 மில்லிகிராம் கால்சியம், கூடவே ஒரு டி.கே.எச்சுக்குச் சற்று அதிகமான காரத்தன்மை. காரத்தன்மை என்பது தண்ணீரில் உள்ள பைகார்பனேட், கார்பனேட்டின் இருப்பு, டி.கே.எச் அதை அளக்கும் அலகு. இரண்டும் சேர்ந்தே வருகிறது என்பதைக் கவனியுங்கள், பின்னால் அதற்கு வருவேன்.

பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புத் தெளிநீரில் குழாயை விட்டு ஊதச் சொல்வார்களே, பால் மாதிரி வெள்ளையாகும், கார்பன் டை ஆக்சைடு இருப்பதற்கு அதுதான் சான்று என்று எழுதி வைப்போம். பெரும்பாலான வகுப்பில் அத்தோடு மணி அடித்துவிடும். விடாமல் ஊதிக்கொண்டே இருந்தால் அந்த வெள்ளை மறைந்து மறுபடியும் தெளிந்துவிடும், கார்பனேட் பைகார்பனேட்டாக மாறிக் கரைந்துபோகிறது. தொட்டியில் நமக்கு வேண்டியது அந்த இரண்டாம் பாதி. மீனும் பவளமும் இரவெல்லாம் மூச்சு விட்டு வைத்திருக்கும் கார்பன் டை ஆக்சைடைச் சுண்ணாம்புத் தெளிவு பிடித்துக்கொண்டு, பவளம் எடுத்துக்கொள்ளும் வடிவத்தில் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் விட்டுப்போகிறது. அதனால்தான் இரவில் விடச் சொல்கிறார்கள். விளக்கு அணைந்தால் பாசியும் பவளமும் கார்பன் டை ஆக்சைடை எடுப்பதை நிறுத்திவிடும், பி.எச் இறங்கும். அந்த நேரத்தில் சொட்டுகிற தெளிவு அதைத் தூக்கிப் பிடிக்கும்.

சொட்டு என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. தெளிவின் பி.எச் 12-ஐத் தாண்டும். பனையேறுகிறவர் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் இறங்குவது கள், தடவினால் பதநீர். நுரைக்க வைக்கும் உயிரிகளை அடக்கி வைப்பது அந்தக் காரம்தான். அதே காரத்தை ஒரு செம்பு நிறைய எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தால் மீனுக்கு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பி.எச் எகிறும், தண்ணீரில் கரைந்திருந்த கால்சியமும் கார்பனேட்டும் வெள்ளைப் பொடியாகக் கொட்டிவிடும், கூட்டப்போய்க் குறைத்ததாக முடியும். இதற்கு வெளிநாட்டுக்காரர்கள் பம்பு வைக்கிறார்கள். நமக்கு மெடிக்கல் கடையில் கிடைக்கும் சலைன் குழாய் போதும், உருளையைத் தள்ளிச் சொட்டைக் கூட்டிக் குறைக்கலாம், நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு இரவில் ஒரு லிட்டருக்கு மேல் போய்விடும். தண்ணீர் கேனை அலமாரி மேல் ஏற்றி, குழாயின் நுனியை அடி வண்டலுக்கு மேலே நிற்கிற மாதிரி கட்டி வைக்க வேண்டும். பொடியில் இருக்கும் மெக்னீசியமும் உலோக அழுக்கில் பெரும்பகுதியும் அந்தக் காரத்தில் கரைய முடியாமல் வண்டலோடு தங்கிவிடும் என்பதால் வண்டலைத் தொடாமல் விட்டாலே பாதிச் சுத்தம் ஆகிவிட்டது. மேலே ஏடு மாதிரி ஒரு படலம் கட்டும், அது காற்றுப் பட்டுக் கார்பனேட் ஆனது. அதைக் கலைக்காமல் விட்டால் கீழே உள்ளதுக்கு அதுவே மூடி.

மீதிப் பாதியில்தான் ஆச்சியோடு எனக்குச் சண்டை. வெற்றிலைச் சுண்ணாம்பு எத்தனை பங்கு தண்ணீர், எத்தனை பங்கு சுண்ணாம்பு என்று யாருக்கும் தெரியாது. திறந்து திறந்து மூடியதில் எவ்வளவு காற்றுப் பட்டுச் செத்துப்போயிருக்கிறது என்பதும் தெரியாது. வாசனையும் நிறமும் சேர்த்து வருவதும் உண்டு. வெள்ளையடிக்கிற பாக்கெட்டிலோ நீலம், பசை என்று சுவருக்கு வேண்டியதெல்லாம் இருக்கும். அதனால் நான் வாங்குவது ஆய்வகத்துக்கு ரசாயனம் விற்கும் கடையில் அரைக் கிலோ டப்பா, சில நூறு ரூபாய். ஒன்றரை கிராம் ஒரு லிட்டருக்கு என்றால் அரைக் கிலோவில் முந்நூறு லிட்டருக்கு மேல் தெளிவு எடுக்கலாம். அந்தச் சில நூறு ரூபாய்க்கு எத்தனை குப்பி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டப்பாவை இறுக மூடி வைக்க வேண்டும், பொடி கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சின்னப் பிள்ளைகள் எட்டுகிற இடத்தில் கேனை வைக்கக் கூடாது. தெளிந்த தண்ணீர் குடிதண்ணீர் மாதிரியேதான் இருக்கும் என்பதால் இந்தக் கடைசி விஷயத்தில் விளையாட்டே வேண்டாம்.

உப்பு, முட்டை ஓடு, சிப்பி

சிக்கனம் என்று பேச ஆரம்பித்தால் உடனே வருகிற கேள்வி, தூத்துக்குடி உப்பையே கரைத்துக் கடல் தண்ணீர் ஆக்கிக்கொள்ளக் கூடாதா என்பது. கேட்கிறவர்கள் உப்பளத்தைப் பார்த்தவர்கள்தான், ஆனால் பாத்தி பாத்தியாக என்ன நடக்கிறது என்று நின்று பார்த்திருக்க மாட்டார்கள். கடல் தண்ணீர் வெயிலில் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பு பிரியும், அப்புறம் ஜிப்சம் பாத்தியின் தரையில் படியும். கடலில் இருந்த கால்சியத்தில் பெரும்பங்கு அந்த இடத்திலேயே முடிந்தது. அதற்குப் பிறகு வேறு பாத்திக்குக் கட்டிய தண்ணீரில்தான் உப்பு விளைகிறது. உப்பை வாரிய பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு மெக்னீசியம் வெளியே போய்விடும். நல்ல உப்பு என்பதே கால்சியமும் மெக்னீசியமும் போனதுதான், குழம்புக்கு அது நல்லது, பவளத்துக்கு ஆகாது. கடல் வேண்டுமென்றால் கடலையே கொண்டுவர வேண்டும். நமக்கு அந்த வசதி இருக்கிறது, சென்னையில் இருப்பவனுக்குக்கூட இவ்வளவு நல்ல தண்ணீர் எளிதில் கிடைக்காது. துறைமுகப் பக்கமும் தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் பக்கமும் விட்டுவிட்டு, மணப்பாடு அல்லது உவரி போகலாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே 2023 டிசம்பரில், அந்த மாதிரி மழைக்குப் பிறகு பல நாளைக்குக் கரையோரத் தண்ணீரை நம்பக் கூடாது, உப்பளவு பார்க்காமல் எடுக்கவே வேண்டாம்.

கடல் தண்ணீரில் கால்சியம் 410, 420 பி.பி.எம் இருக்கும். அதைக் கொண்டுவந்து தொட்டியில் பத்தில் ஒரு பங்கு மாற்றினால், 380-இல் நின்ற தொட்டி 383-க்கு வரும். மூன்றே மூன்று. மென்பவளம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒழுங்காகத் தண்ணீர் மாற்றுவதே போதும், அவர்கள் எந்தக் குப்பியும் வாங்க வேண்டாம், இந்தக் கட்டுரையைக்கூட இதோடு நிறுத்திக்கொள்ளலாம். கல்பவளமும் பாறை மேல் ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசியும் நன்றாகப் பிடித்துவிட்ட தொட்டிக்குத்தான் மேற்கொண்டு தேவை.

முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுவது, சிப்பிப் பொடியை வடிகட்டியில் வைப்பது, கால்சியம் மாத்திரை கரைப்பது எல்லாம் ஒரே கதை. எல்லாமே கால்சியம் கார்பனேட், மாத்திரையும் பெரும்பாலும் அதுதான். தொட்டித் தண்ணீரின் பி.எச் 8-க்கு மேல் இருக்கும்வரை அது கரைவதற்குக் காரணமே இல்லை, ஏனென்றால் அந்தத் தண்ணீரே ஏற்கெனவே கால்சியம் கார்பனேட்டைத் தாங்குகிற அளவுக்கு மேல் தாங்கிக்கொண்டிருக்கிறது. கரைய வேண்டுமென்றால் தனிக் குழாய்க்குள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி பி.எச்சை 6.5 அளவுக்கு இறக்க வேண்டும், அதைத்தான் கால்சியம் ரியாக்டர் என்று விற்கிறார்கள், சிலிண்டரோடு. ஓட்டை வினிகரில் கரைத்து ஊற்றுகிறவர்களும் உண்டு. வேதியியல்படி அது நடக்கும், ஆனால் அந்த வினிகரைத் தின்ன பாக்டீரியா பெருகித் தண்ணீர் கலங்கி ஒரே இரவில் ஆக்சிஜன் குறைந்து நின்ற தொட்டிகளைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறேன். மாத்திரையில் வைட்டமினும் பூச்சும் வேறு.

குறைந்துபோனது கால்சியம் இல்லை

இனி சித்தி மகன் கதைக்கு வருகிறேன், எனக்கு இந்த விஷயம் திரும்பியது அங்கேதான். குப்பி மேல் குப்பியாக ஊற்றியும் அவனுடைய பவளம் வளரவில்லை, நுனியில் வெளுப்பு வேறு. கடையில் கேட்டால் கால்சியம் போதவில்லை, கூடப் போடுங்கள் என்கிறார்கள். “அண்ணே, ஆச்சி சொல்றதக் கேட்டு அந்தச் சுண்ணாம்பையே போட்ருவமா?” என்று பாதி விளையாட்டாகவும் பாதி அழுகையாகவும் போன் பண்ணினான். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் பெட்டியில் இருந்த சோதனைக் குப்பிகளை எடுத்துக்கொண்டு போனேன். கால்சியத்தைப் பார்த்தால் 480. கடலைவிட அறுபது எழுபது அதிகம். அவனுக்கு நம்பிக்கை வராமல் மறுபடி பார்க்கச் சொன்னான், மறுபடியும் 480. ஆச்சி பக்கத்திலிருந்து, “கூடுதலா, கொறையா?” என்று கேட்டாள். கூடுதல் என்றேன். “பெறகென்ன சீக்கு அதுக்கு?” சரியான கேள்வி.

கே.எச், அதாவது அந்தக் காரத்தன்மையைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். பார்ப்பதில்லையாம், கால்சியம் குறைந்தால்தானே அதெல்லாம் என்று நினைத்தானாம். என் சோதனையில் ஒரு சொட்டு ஒரு டி.கே.எச். ஐந்தாவது சொட்டிலேயே நீலம் மஞ்சளாகிவிட்டது. கடல் தண்ணீரில் அது ஏழு இருக்கும், பவளத் தொட்டியில் ஏழிலிருந்து பத்துக்குள் எங்காவது ஆடாமல் நின்றால் போதும். ஐந்து என்பது பட்டினி.

அவனுடைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன், எழுதும்போதுதான் எனக்கும் அது முழுசாக உறைத்தது. பவளத்தின் எலும்பு கால்சியம் கார்பனேட். ஒரு கால்சியத்துக்கு ஒரு கார்பனேட், கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. அது 20 பி.பி.எம் கால்சியத்தை எடுத்து எலும்பாக்கினால், கூடவே 2.8 டி.கே.எச் காரத்தன்மையும் போய்விடும். இப்போது இருப்பைப் பாருங்கள். 420-இல் 20 போனால் 400, சோதனைக் குப்பியின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடுகிற வித்தியாசம், எந்தப் பவளமும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. எட்டில் 2.8 போனால் 5.2, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காலி. அரிசி மூட்டை நிறைய இருக்கும் வீட்டில் பருப்பு மட்டும் அரைப்படிதான் இருக்கிறது என்றால் முதலில் தீர்வது எது? தினமும் அரிசியையே வாங்கிக்கொண்டு வந்து அடுக்கிக்கொண்டிருந்தான் அவன். குப்பியின் மேல் பெரிதாகக் கால்சியம் என்று எழுதியிருக்கிறது, கே.எச்சுக்கு அது ஒன்றும் செய்யாது.

எத்தனை தொட்டிகள் கால்சியம் போதவில்லை என்று நினைத்து இப்படி ஓடிக்கொண்டிருக்கின்றன என்று அன்றைக்கு இரவு முழுக்க யோசித்தேன். விலை கூடுதலா குறைச்சலா என்று நாங்கள் அடித்துக்கொள்கிற அடியெல்லாம் இரண்டாம் பட்சம். அந்தக் குப்பி பத்து ரூபாய்க்குக் கிடைத்திருந்தாலும் அவனுக்குப் பிரயோஜனம் இல்லை. ஆச்சியின் சுண்ணாம்பு அந்த வகையில் குப்பியைவிட மேல், ஏனென்றால் சுண்ணாம்புத் தெளிவு கால்சியத்தையும் காரத்தன்மையையும் பவளம் எடுக்கிற அதே கணக்கில் சேர்த்தே கொடுக்கிறது. நான் ஒரு தராசில் குப்பியையும் டப்பாவையும் வைத்து விலை பார்த்துக்கொண்டிருந்தேன், அவை இரண்டும் ஒரே பொருளே இல்லை.

அவனுக்கு அன்று வேண்டியிருந்தது ஆப்பசோடா. சமையலறையில் சித்தியிடம் கேட்டு வாங்கினேன், அவள் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை, இந்தத் தொட்டி விஷயத்தில் கேட்பதை நிறுத்திவிட்டாள். நூறு லிட்டருக்கு மூன்று கிராம் ஆப்பசோடா ஒரு டி.கே.எச் ஏற்றும். அவனுடையது நூற்றைம்பது லிட்டர், நாலரை கிராம். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் ஏற்றாதே என்று சொல்லி, தங்கம் நிறுக்கிற மாதிரி சின்ன மின்தராசு ஒன்று வாங்கச் சொன்னேன். கே.எச் எட்டைத் தொட்டதும் குப்பியை நிறுத்திவிட்டு கால்சியம், காரத்தன்மை இரண்டையும் ஒரே கணக்கில் கொடுக்கச் சொன்னேன். நுனி வெளுப்பு மெல்ல நின்றது. வளர்ச்சி உடனே தெரியவில்லை, பவளம் நம் அவசரத்துக்கு வளராது.

அடுக்களையிலிருந்து இரண்டு பாட்டில்

தெளிவு மட்டும் போதாத தொட்டிகளுக்கு இரண்டு பாட்டில் முறை. ஒன்றில் கால்சியம் குளோரைடு, இன்னொன்றில் ஆப்பசோடா. கால்சியம் குளோரைடு உணவுத் தரத்தில் கிடைக்கிறது, பனீர் செய்கிறவர்கள்கூட வாங்குவதுதான். இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த வகை என்றால் எடையில் 27 சதவீதம் கால்சியம், நூறு லிட்டர் தொட்டியில் 10 பி.பி.எம் ஏற்ற 3.7 கிராம் ஆகும். கரைக்கும்போது பாத்திரம் சுடும், கண்ணாடிப் பாட்டிலில் நேராகக் கொட்டாதீர்கள். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும் என்பதால் பையைப் பிரித்த உடன் டப்பாவுக்கு மாற்ற வேண்டும்.

ஆப்பசோடாவை அப்படியே போட்டால் பி.எச் லேசாக இறங்கும். வாணலியில் எண்ணெய்ப் பசை இல்லாமல் நன்றாகக் காய வைத்து, அடிக்கடி கிளறி வறுத்தால் ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் பறந்து சோடியம் கார்பனேட் ஆகிவிடும், அது பி.எச்சை ஏற்றும். வறுத்த பிறகு எடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும், நூறு லிட்டரில் அதே ஒரு டி.கே.எச் ஏற்ற 1.9 கிராமே போதும். தூத்துக்குடியில் சோடா ஆலையே இருக்கிறதே, சலவைச் சோடா போடலாமா என்று கேட்பார்கள். கடையில் பாக்கெட்டில் வருகிற சலவைச் சோடாவில் வாசனையும் சோப்பும் கலந்திருக்கலாம், எனக்கு அந்த வம்பு வேண்டாம். பேக்கிங் பவுடரும் வேறு சாமான், அதில் அமிலமும் மாவும் இருக்கும். இரண்டு பாட்டிலையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் ஊற்றினால் கண்ணெதிரே வெள்ளை மேகம் கிளம்பும், ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும் ஊற்றுங்கள். இந்த முறையில் கடைசியில் மிஞ்சுவது சாதா உப்பு, மெல்ல மெல்ல உப்பளவு ஏறும். தண்ணீர் மாற்றும்போது அதைச் சரிபண்ணிக்கொள்ளலாம்.

மெக்னீசியத்தை ஒரு தடவையாவது சோதித்துவிடுங்கள். 1,300 பி.பி.எம் பக்கம் நிற்க வேண்டும். அது ரொம்பக் கீழே போனால் நீங்கள் போடுகிற கால்சியம் பவளத்துக்குப் போகாமல் ஹீட்டரிலும் பம்பிலும் ஏடாக ஒட்டிக்கொள்ளும்.

ஆடிக்காற்று, ஐப்பசி மழை

வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்தால் சுண்ணாம்புத் தெளிவுக்கு ஒரு குறை சொல்வார்கள். ஆவியாகிற தண்ணீருக்குப் பதிலாகத்தானே அதை விட முடியும், ஆவியாவது கொஞ்சம் என்றால் கால்சியமும் கொஞ்சம்தான் போகும், பவளம் நிறைந்த தொட்டிக்குப் போதாது. குளிர்நாட்டில் மூடிய அறையில் இருப்பவர்களுக்கு அது சரிதான். நமக்கு அப்படியே தலைகீழ். சில்லர் வாங்க முடியாதவர்கள் எல்லாரும் தொட்டிக்கு மேல் மின்விசிறி வைத்துத்தான் சூட்டை இறக்குகிறோம், தண்ணீர் ஆவியாவதால்தான் சூடு இறங்குகிறது. சித்திரை வைகாசி வெயிலும், அதற்குப் பின் செங்கோட்டைக் கணவாய் வழியே வந்து ஆடி முடிய அடிக்கிற வறண்ட காற்றும் சேர்ந்து என் மூன்றடித் தொட்டியிலிருந்தே ஒரு நாளைக்கு நாலு லிட்டர் வரைக்கும் எடுத்துக்கொண்டு போகின்றன. குற்றாலத்தில் சாரல் என்று எல்லாரும் கிளம்பிப் போகிற மாதத்தில் இங்கே நாங்கள் கேன் கேனாக ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்போம். அந்த நாலு லிட்டரும் முழு அடர்த்தித் தெளிவாக இருந்தால் ஒரு நாளைக்கு 17 பி.பி.எம் கால்சியம், இரண்டுக்கு மேல் டி.கே.எச். என் தொட்டிக்கு அது ரொம்ப அதிகம், கல்பவளம் நிறைய வைத்திருப்பவருக்கே அது தாராளம். சில்லர் இல்லாததை ஒரு குறையாகவே பேசி வந்திருக்கிறோம், கால்சியக் கணக்கில் அது வரவு.

ஆனால் அடர்த்தியைக் காலத்துக்கு ஏற்ற மாதிரி மாற்ற வேண்டும், இதை யாரும் எழுதி வைத்து நான் பார்த்ததில்லை. கோடையில் லிட்டருக்கு அரை கிராமோ முக்கால் கிராமோ போதும், கே.எச்சைப் பார்த்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. ஐப்பசி பிறந்து வடகிழக்கு மழை பிடித்ததும் காற்றில் ஈரம் ஏறி ஆவியாவது பாதிக்கும் கீழே போய்விடும். கோடை அடர்த்தியிலேயே விட்டால் கார்த்திகை பாதியில் கே.எச் இறங்கி நிற்கும், பவளம் அதே வேகத்தில்தான் எடுத்துக்கொண்டிருக்கும். அந்த இரண்டு மூன்று மாதம் தெளிவை முழு அடர்த்திக்குக் கொண்டுபோய், அதற்கும் போதாததை ஆப்பசோடாவும் கால்சியம் குளோரைடுமாகக் கையால் ஊற்றுகிறேன். சித்தி மகன் இதற்கு, தானாக அளந்து ஊற்றும் டோசிங் பம்பு ஒன்று பார்த்து வைத்திருக்கிறான். வாங்கட்டும், ஊருக்குப் போகிற நாளில் உதவும். ஆனால் அதற்கு முன்னால் காலாவதியாகாத நல்ல கே.எச் சோதனைக் குப்பி ஒன்று வாங்கச் சொல்லியிருக்கிறேன், வாரம் இரண்டு தடவை ஒரே நேரத்தில் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். கால்சியத்தை மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும்.

சலைன் குழாய் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று. நுனியிலும் உருளைக்குள்ளும் வெள்ளையாகப் படிந்து சொட்டு தானாகவே குறைந்துகொண்டு வரும், நாம் உருளையைத் திறந்துவிடுவோம், ஒரு நாள் அந்தப் படிவு பெயர்ந்து மொத்தக் கேனும் இறங்கிவிடும். மாதம் ஒரு தடவை குழாயை வினிகரில் ஊறப்போட்டுக் கழுவுங்கள், அல்லது புதுசு மாற்றிவிடுங்கள். ஒரு இரவுக்கு வேண்டிய அளவுக்கு மேல் கேனில் ஊற்றி வைக்காதீர்கள், அப்போதுதான் எது பெயர்ந்தாலும் இறங்குவது அந்த ஒரு லிட்டரோ இரண்டு லிட்டரோதான்.